குணமானவனைப் பார்க்கப் போனது

பனவடலிசத்திரத்துக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தேன். நான் வந்த பேருந்து போய்க் கால் மணி நேரம் ஆகியிருக்கும். "அஞ்சே நிமிஷமுங்க" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். ரோட்டோரக் கருவேலங்காட்டுக்குள் போய்விட்டு வந்து பார்த்தால், பேருந்து நின்ற இடத்தில் என் பை மட்டும் இருந்தது. நல்ல மனிதர்கள். தூக்கி எறியாமல் மைல்கல் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இது எனக்குப் புதிதில்லை. ஒரே மாதத்தில் மூன்றாவது பேருந்து. முதல் பேருந்தில் கோபம் வந்தது, இரண்டாவதில் அழுகை வந்தது, இந்த முறை பசிதான் வந்தது.

என் நோயின் பெயர் மைக்ரோஸ்கோப்பிக் கொலைடிஸ். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல ஒரு வாரம் பிடித்தது. பெருங்குடலில் புண் இருக்காது, கட்டி இருக்காது, ரத்தம் வராது. குழாய் விட்டுப் பார்த்தால் பெருக்கித் துடைத்த வீடு மாதிரி சுத்தமாக இருக்கும். ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால்தான் உள்ளே அழற்சி இருப்பது தெரியும். வெளியில் தெரிவதெல்லாம் ஒன்றுதான்: ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை, வெறும் தண்ணீராக. அடக்க முடியாது. உயிர் போகாது என்று டாக்டர் சொன்னார். உயிர் மட்டும்தான் போகவில்லை.

இருபத்தைந்து வருடம் ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவன் நான். சொந்த ஊரான பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறை, அங்கிருந்து போர்வெல் வண்டி. அந்த வண்டியோடு ஆந்திரா, ஒடிசா, ராஜஸ்தான் என்று எங்கெல்லாமோ போய்ப் பாறையைத் துளைத்தோம். மணலில் படுத்தேன், வண்டிக்கு அடியில் படுத்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. இப்போது பக்கத்து ஊருக்குப் போவதென்றாலும் முதலில் வழியில் எங்கெங்கே ஒதுங்கலாம் என்று மனதில் குறித்துக்கொண்டுதான் ஏறுகிறேன். போர்வெல் முதலாளி போன வருடமே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்.

சங்கரன்கோவிலுக்கு நான் போனது சாமி கும்பிட அல்ல. சுடலைமுத்து என்ற ஒருவனைப் பார்க்க. அவன் உறவுமில்லை, கூட வேலை செய்தவனுமில்லை. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், குழாய் விட்டுப் பார்ப்பதற்கு முன்னால் குடிக்கத் தரும் பேதி மருந்தை எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தோம். "சாராயத்த இப்படி மூஞ்சச் சுளிச்சிக் குடிச்சிருந்தா ரெண்டு வீடு கெட்டியிருப்போம்லா வே?" என்று அவன்தான் முதலில் பேசினான். ஒரே கழிப்பறைக் கதவை இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தட்டினோம். பத்து நாள் கழித்து முடிவு வந்தபோது இரண்டு பேருக்கும் ஒரே நோய். ஒரே குளிகை. தினமும் மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று என்று குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

நான் ஒரு குளிகைக்கு வரும்போதெல்லாம் பழையபடி கொட்டத் தொடங்கிவிடும். மறுபடியும் மூன்று. இப்படி இரண்டு சுற்று முடிந்துவிட்டது. அவன் குளிகையையே நிறுத்திவிட்டான். நிறுத்தியதைப் போன் போட்டுச் சொன்னான். "நேத்து மட்டன் பிரியாணி தின்னேன் வே. பிளேட்டு ரெண்டு. காலையில ஒரே ஒரு தடவ, கெட்டியா!" என்றான். போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஒரே பெஞ்சு, ஒரே மருந்து, ஒரே நோய். அவனுக்கு மட்டும் எப்படி? அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்று கிளம்பிவிட்டேன்.

ஆடு ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று என் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "அண்ணாச்சி, எங்க நடக்கீய இந்த வெயில்ல?" என்றார். சங்கரன்கோவில் என்றேன். "முன்னால எடமில்ல, பின்னால ஏறிக்கிடுங்க. ஆடு ஒண்ணும் செய்யாது. முட்டுனா தள்ளி விடுங்க."

ஏறினேன். மேலநீலிதநல்லூர் வருவதற்குள் அந்த ஆடுகளின் மேலும் எனக்குப் பொறாமை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கிடா போட்டுக்கொண்டே வந்தது. உருண்டை உருண்டையாக, காய்ந்து, மிளகு மாதிரி. அதன் முகத்தில் ஒரு அவசரமும் இல்லை. கழுவவும் வேண்டாம், ஒதுங்கவும் வேண்டாம். இப்படி ஒரு குடல் எனக்கு இருந்தால் ராஜஸ்தான் வரைக்கும் நின்றுகொண்டே போவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வழியில் ஒருமுறை வண்டியைத் தட்டி நிறுத்தினேன். டிரைவர் முகம் சுளிக்கவில்லை. நான் திரும்பி வந்ததும், "வயித்தால போவுதா? சங்கரன்கோயில்ல போயி புத்துமண்ணு வாங்கித் தின்னுங்க, நின்னுரும்" என்றார். எங்கள் பக்கம் இப்படிச் சொன்னால் அடுத்த வார்த்தை "நேத்து என்ன தின்னீங்க?" என்பதாக இருக்கும். இங்கே என்ன தின்றாய் என்று யாரும் கேட்கவில்லை. என்ன தின்ன வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

சுடலைமுத்துவின் வீடு தறிக்கூடங்கள் இருக்கும் தெருவில் இருந்தது. தெருவில் நுழையும்போதே டக்கடக் டக்கடக் என்று அந்தச் சத்தம். பள்ளிபாளையத்தில் அந்தச் சத்தத்தில்தான் வளர்ந்தேன். ஆனால் எனக்கு முதலில் தேவைப்பட்டது சத்தமில்லை. வாசலில் நின்ற அவன் மனைவி கோமதியிடம் வணக்கம் சொல்வதற்கு முன்னால், "பாத்ரூம் எங்கம்மா?" என்றுதான் கேட்டேன். அவள் ஒன்றும் கேட்காமல் கையைக் காட்டினாள். இரண்டு வருடம் இதே நோயோடு ஒருவனை வைத்துக் குடும்பம் நடத்தியவள்.

வெளியே வந்தால் சுடலைமுத்து நிற்கிறான். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்த ஆள். இப்போது கன்னம் உப்பி, வயிறு லேசாக முன்னால் வந்திருந்தது.

"வாரும் வே, வாரும்! பஸ்ஸுக்காரன் விட்டுட்டுப் போயிட்டானாக்கும்?"

"எப்படிப்பா தெரியும்?"

"நீரு ஆட்டு நாத்தத்தோட வந்து நிக்கீரே, பொறவென்ன? எத்தன தடவ போறீரு இப்ப?"

"ஏழு. எட்டு."

"நானு ஒண்ணு" என்று விரலைத் தூக்கிக் காட்டினான். தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி.

"சோறு வைக்க நேரத்துல என்ன பேச்சு பேசுதீய?" என்று கோமதி உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

எனக்குக் குழைந்த சோறும் உப்பும், ஒரு நாட்டு வாழைப்பழமும் வைத்தாள். கேட்காமலே வைத்தாள். அவனுக்கு மீன்குழம்பு. அவன் விரலை நக்கிச் சாப்பிடுவதைப் பார்க்காமல் இருக்கச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். காலண்டரில் ஒரு பால் கம்பெனி விளம்பரம். பாலும் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

கோமதி பக்கத்துத் தறிக்கூடத்தில் தார் சுற்றுகிறாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் குச்சியில், பெரிய கோனிலிருந்து நூலைச் சுற்றிக் கொடுக்கும் வேலை. உட்கார்ந்த இடத்தில் நடக்கும். "எங்க கூடத்துல ஒரு ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காவ. அண்ணனுக்குத் தறி தெரியுமே, வரலாமே?" என்றாள். எங்கள் ஊரில் அது கிழவிகளும் பெண்களும் செய்கிற வேலை. நான் பதில் சொல்லும் முன் சுடலைமுத்து, "ஏட்டி, போர்வெல் ஓட்டுன ஆளப் போயி தாரு சுத்தச் சொல்லுத! வத்தல் கமிஷன் கடையில எங்கூட மூட்ட தூக்கட்டும். ஆளு கெடைக்காம அல்லாடுதாவ" என்றான். மூட்டை தூக்கவே சம்மதித்தேன். இந்த உடம்பைப் பார்த்து யாராவது இன்னும் மூட்டை தூக்கக் கூப்பிடுகிறார்களே என்றிருந்தது.

மறுநாள் கோவிலுக்குக் கூட்டிப்போனான். தான் குணமான கதையை அங்கே வைத்துத்தான் சொல்வேன் என்று பிடிவாதம்.

சங்கரநாராயணர் கோவிலைப் பற்றி எழுதக் கோபுரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வரிசை. எந்த வரிசையிலும் நான் நுழைவதற்கு முன்னால் வெளியேறும் வழியைப் பார்த்து வைப்பேன். இங்கே பாதி வரிசையில் வெளியேறிவிட்டேன். திரும்பி வந்தபோது பின்னால் நின்ற பெண், "இங்கன நில்லுங்க, ஒங்க எடந்தான்" என்று தள்ளி நின்றாள். எங்கள் பக்கத்துக் கோவில்களில் ஒருமுறை விட்ட இடம் விட்ட இடம்தான்.

வாசல் கடைகளில் தகட்டில் செய்த உடல் உருவங்கள் விற்கிறார்கள். கண் வலி என்றால் கண், கால் வலி என்றால் கால். வேண்டிக்கொண்டு உண்டியலில் போடுவார்கள். குடல் இருக்கிறதா என்று கேட்டேன்.

கடைக்காரர் தட்டைக் கிளறிப் பார்த்தார். "கொடலுக்குன்னு தனியா வரல அண்ணாச்சி. வயிறு இருக்கு. இல்லன்னா ஆளுருவமே வாங்கிப் போட்டுருங்க, எல்லாம் அதுக்குள்ள அடங்கிரும்."

நோயிலும் எனக்கு வாய்த்தது கடைத்தட்டில் இல்லாத நோய். பக்கத்தில் ஒருவர் கால் உருவம் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போனார். அவர் மேலும் பொறாமைதான்.

புற்றுமண்ணை நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துக்கொண்டு பிரகாரத்தில் உட்கார்ந்தோம். சுடலைமுத்து சொன்னான்.

"ஆசுபத்திரியில இருந்து வந்த அன்னைக்கே இங்கன வந்து நேந்துக்கிட்டேன். நாப்பத்தெட்டு நாளு. ஆசுபத்திரிக் குளிகையும் அம்மன் மண்ணும் தவிர வேற ஒரு மருந்து வாயில படாது, தாயேன்னு சொன்னேன். தலவலின்னாலும் இல்ல, காய்ச்சல்னாலும் இல்ல. மூட்ட தூக்கவும் போவல. இருவது நாள்ல கொறைஞ்சிச்சு. நாப்பதுல நின்னே போச்சு. அவ பாத்துக்கிட்டா வே."

"எனக்கும் அதே குளிகைதானே?"

"குளிக அதேதான். அம்மன் வேறல்லா?" என்று தொடையைத் தட்டிச் சிரித்தான்.

அன்றைக்கு நான் அந்தச் சந்நிதியில் கும்பிட்டேன் என்று சொன்னால் பொய். எங்கள் ஊரிலும் அம்மன் இருக்கிறாள், அவளுக்கும் நான் பொங்கல் வைத்திருக்கிறேன், இவனுக்கு மட்டும் ஒரு அம்மன் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறாளே என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் அவனோடு கமிஷன் கடைக்குப் போனேன். மிளகாய் வத்தல் நெடியில் கண்ணும் மூக்கும் ஒழுகின. மூட்டையைக் கொக்கியால் இழுத்து முதுகில் ஏற்றிக்கொண்டு, பலகை மேல் ஏறி லாரிக்குள் அடுக்க வேண்டும். பத்து மூட்டை தூக்கிப் பார்த்தேன். போர்வெல் காலத்திலேயே போன முதுகு, அது போன இடத்தை ஒவ்வொரு மூட்டைக்கும் ஒருமுறை சொல்லிக் காட்டியது. இரண்டு முறை கொக்கியைப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன். லோடுமேன்கள் சிரித்தார்கள். "ஏ, மாமாவுக்கு கோயம்புத்தூரு தண்ணி ஒத்துக்கலையா, நம்மூரு தண்ணி ஒத்துக்கலையா?" என்றான் ஒருவன். கோயம்புத்தூருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

மதியம் சுடலைமுத்து பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போனான். சங்கரன்கோவில் பிரியாணி பற்றி நான் ஒடிசாவிலேயே கேள்விப்பட்டிருக்கிறேன். சின்னச் சின்ன அரிசி, இலையில் கொட்டியதும் மேசையெல்லாம் மணக்கிறது. நான் தண்ணீர் மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெய், மசாலா, காரம், எதுவும் எனக்கில்லை. சப்ளையர் இரண்டு முறை வந்து, "ஒங்களுக்கு?" என்று கேட்டார். மூன்றாம் முறை பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

சுடலைமுத்து எலும்பை உறிஞ்சினான். நான் அந்த எலும்பைப் பார்த்தேன். அவன் அடுத்த துண்டை எடுத்தான். நான் அதையும் பார்த்தேன். "என்ன வே, கண்ணு வைக்கீரு?" என்றான். சும்மா சொன்னான் என்று அப்போது நினைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, உள்ளே இருந்த மாத்திரைகளை ஒன்றாக வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். வலி செட். நானும் என் பையிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டேன். சுமை தூக்குகிறவன், தறி ஓட்டுகிறவன், கிணறு வெட்டுகிறவன், எல்லோர் பையிலும் இருப்பது. மெடிக்கலில் போய் "வலிக்கு ஒரு செட்" என்றால் போதும். வலி மாத்திரை ஒன்று, அதற்கு வயிறு எரியாமல் இருக்க கேஸ் மாத்திரை ஒன்று, இன்னும் ஏதோ ஒன்று, அட்டையைக் கத்தரித்து, மாத்திரையை மட்டும் பிதுக்கிப் பொட்டலத்தில் போட்டுத் தருவார்கள். எட்டு வருடமாகத் தின்கிறேன். டீ குடிக்கிற மாதிரி. அந்த ஒரு விஷயத்திலாவது நானும் அவனும் சமமாக இருந்தோம்.

சாயங்காலம் என் பையில் ஒரு பொட்டலம்தான் மிச்சம் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கலுக்குப் போய் ஐந்து செட் கேட்டேன். கூடவே குடல் குளிகையும் வாங்க ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொடுத்தேன். கடையில் இருந்தது மருந்துக்குப் படித்த ஒரு பெண். சீட்டை வாங்கிப் படித்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இந்தச் சீட்டு யாருக்கு?"

"எனக்குத்தானுங்க."

"செட்டு யாருக்கு?"

"அதும் எனக்குத்தான்."

"கீழ இங்லீசுல எழுதியிருக்காங்களே, வலி மாத்திரை கூடாதுன்னு. கேஸ் மாத்திரையும் கேக்காம எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. யாரும் வாசிச்சுச் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் வாசிக்கச் சொல்லவில்லை. சீட்டு என்பது கடையில் நீட்டுவதற்கு என்றுதான் இருபத்தைந்து வருடமாக நினைத்திருக்கிறேன்.

"எனக்குத் தெரிஞ்சு, சில பேருக்கு இந்த நோவக் கெளப்பி விடுறதே இதுதான். நான் தரமாட்டேன். மொதல்ல டாக்டருக்குப் போன் போடுங்க" என்றாள். சீட்டில் இருந்த எண்ணை அவளே போட்டுக் கொடுத்தாள்.

டாக்டர் கிடைக்க நேரமாயிற்று. கிடைத்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"எட்டு வருஷமாவா? வேற ஏதாவது மருந்து எடுக்கறீங்களான்னு உங்ககிட்டக் கேட்டேனே?"

"கேட்டீங்க சார். மருந்து எதுவும் எடுக்கலைங்க. இது செட்டுங்க."

அதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். செட்டை இன்றோடு நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் எல்லோருக்கும் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது, சரியானாலும் சில வாரம் ஆகும். குளிகையைச் சொன்னபடி தொடர வேண்டும், நானாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. காபி வேண்டாம். முதுகுக்கு என்ன செய்யலாம் என்று நேரில் வந்தால் பார்க்கலாம். அதுவரை பாரம் தூக்கக் கூடாது.

போனைக் கொடுத்துவிட்டு ரோட்டில் நின்றேன். நாற்பத்தெட்டு நாள். ஆஸ்பத்திரிக் குளிகையும் அம்மன் மண்ணும் தவிர வேறு மருந்து வாயில் படாது. அவன் நேர்ந்துகொண்டதில் செட்டும் நின்றிருக்கிறது. அப்படித்தான் பிழைத்திருக்கிறான். அம்மனா, செட்டை விட்டதா, இரண்டுமா என்று பிரித்துச் சொல்ல நான் யார்? ஆனால் இன்று மதியம் அவன் மறுபடியும் போட்டுக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

வீட்டுக்குப் போகிற வழி பத்து நிமிடம். அரை மணி நேரம் நடந்தேன். உள்ளதைச் சொல்கிறேன்: சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தோன்றியது. அவன் மறுபடியும் ஏழு, எட்டு என்று விரல் காட்டட்டும். அவனும் தண்ணீரை வைத்துக்கொண்டு பிரியாணிக் கடையில் உட்காரட்டும். நான் தேறிவந்து எதிரே உட்கார்ந்து தின்கிறேன். இந்த நினைப்பு எவ்வளவு ருசியாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

வாசலில் கோமதி நின்றாள். "அவிய பாத்ரூம்ல இருக்காவ அண்ணே. இன்னிக்கு இது மூணாவது தடவ. பிரியாணி சேரலன்னு சொல்லுதாவ" என்றாள். அவள் முகத்தில் எல்லாம் இருந்தது. பழைய இரண்டு வருடமும் இருந்தது. அதைப் பார்த்த பிறகு மறைத்து வைக்க முடியவில்லை.

அவன் வெளியே வந்ததும் சொன்னேன். "சுடலை, அந்த வலி செட்ட விட்டுருப்பா. அதுதான் நம்ம ரெண்டு பேரு குடலயும் கெடுக்குதாமா. டாக்டரே சொன்னாரு."

அவன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "ஆறு மாசமா நல்லாருக்கேன். நீரு வந்து மூணே நாளு, வயிறு கலங்குது. நான் செட்டப் பழி சொல்லணுமா, ஒம்மப் பழி சொல்லணுமா?"

"நேர்ந்துகிட்ட நாப்பத்தெட்டு நாளும் செட்டு போட்டியா?"

"நேத்திக்கடன் நாள்ல எப்படிப் போடுவாவ?"

"அதத்தான் சொல்றேன். மறுபடி எப்ப ஆரம்பிச்ச?"

"போன மாசம் லோடுக்குத் திரும்புனேன். அப்பமே." சொல்லிவிட்டு விரல் விட்டு ஏதோ கணக்குப் பார்த்தான். பிறகு குரல் ஏறிவிட்டது. "ஒமக்குப் பொறாம வே. மதியம் நீரு பாத்த பார்வ எனக்குத் தெரியாதா? எலையில கெடந்த எலும்ப எண்ணிக்கிட்டு இருந்தீரு. நான் திங்கதும் பொறுக்கல, மூட்ட தூக்கதும் பொறுக்கல. அம்மன் குடுத்ததப் போயி ஒரு மாத்திரையில கொண்டு சேக்கீரு!"

  அவன் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. நான் எலும்பை எண்ணினேன். நான்கு. நல்லது சொல்ல வரும்போது நான் மூன்று நாளாகப் பார்த்த பார்வையெல்லாம் எனக்கு முன்னால் போய் அவனிடம் நின்றுகொண்டது.

"பொறாமைதான்" என்றேன். "அதுக்காக இது பொய்யாகாதுப்பா. நானும் இன்னையோட விடறேன்."

"விட்டுட்டு நாளைக்கு மூட்ட தூக்குவீரோ?"

"தூக்க மாட்டேன். கோமதி சொன்ன எடத்துக்குப் போறேன்."

"தாரு சுத்தவா? பொம்பளையாளுவ கூட உக்காந்து?" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே மறுபடியும் பாத்ரூமுக்குப் போனான். கதவு சாத்திய பிறகும் சிரிப்பு கேட்டது, பிறகு கேட்கவில்லை.

மறுநாள் காலை தறிக்கூடத்தில் சேர்ந்தேன். உரிமையாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தெரியுமா?" என்றார். ஒரு தாரைச் சுற்றிக் காட்டினேன். உட்காரச் சொன்னார். கழிப்பறை எங்கே என்று கேட்டேன். பின்கதவைத் திறந்தால் நான்கடி. இதுவரை நான் பார்த்த வேலைகளில் இவ்வளவு பக்கத்தில் இருந்தது இதுதான். பத்து மணிக்குள் இரண்டு முறை போய்வந்தேன். தறிச் சத்தத்தில் யாரும் தலை தூக்கிப் பார்க்கவில்லை.

எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் கோமதி. சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். குனிந்து என் காதுக்கு நேராகக் கத்தினாள்.

"அவிய சட்டையத் தண்ணியில முக்கிட்டேன் அண்ணே!"

"என்னது?"

"காலையில! பை நெறையாப் பொட்டலம். எடுக்காமலே முக்கிட்டேன். வெள்ளையாக் கரைஞ்சு போச்சு!"

"கேட்டா என்னம்மா சொல்வே?"

"அண்ணந்தான் முக்கச் சொன்னாருன்னு சொல்லிருவேன். எப்படியும் ஒங்க மேல கோவமாத்தான இருக்காவ!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அறுந்த நூலை நாக்கில் தொட்டு முடிந்தாள். நாளைக்கும் அவன் வாங்கி வருவான். நாளைக்கும் இவள் முக்குவாள். அவன் கத்துவான். அப்படியே ஒரு மாதம் போனால் அவன் தேறிவிடுவான். அம்மன் என்றே சொல்வான், சொல்லட்டும். அவனுடைய பிரியாணி மேலும், கன்னத்துச் சதை மேலும் வராத அளவுக்குப் பொறாமை எனக்கு அப்போதுதான் வந்தது. எட்டு வருடத்தில் என் சட்டையை ஒருவரும் தண்ணீரில் முக்கியதில்லை.

முதுகு அதற்குள் பிடிக்க ஆரம்பித்திருந்தது. சட்டைப் பையில் அந்த மிச்சப் பொட்டலம் இருந்தது. காலையிலிருந்து மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டேன். எடுத்துக் கோமதியிடம் நீட்டினேன்.

"இதையும் முக்கிரும்மா."

அவள் வாங்கி, காலடியில் இருந்த தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு, என் இயந்திரத்தைக் கையால் சுட்டிக் காட்டினாள். இரண்டு குச்சிகள் நிறைந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. கழற்றிவிட்டுப் புதுக் குச்சிகளை மாட்டினேன்.